இயேசுவின் கதையை ஆடியோவாகப் பதிவு செய்து அனுப்பினால் யாராவது கேட்பார்களா?

கேட்பார்கள். கையில் போனும் லூக்கா சுவிசேஷமும் இருக்கிறது, குரல்தான் சுமார் என்று தயங்குகிறீர்கள் போல. மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மதமாற்றம் என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன். நான் பதிவு செய்தது என் அம்மாவுக்காக. தினமும் காலையில் வேதம் வாசித்த மனுஷிக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டது. ஆடியோ பைபிள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பின்னணியில் வயலின் அழுதது. "துட்டி வீட்டுல வாசிக்க மாதிரி இருக்கு, நிப்பாட்டு" என்றார். துட்டி வீடு என்றால் சாவு வீடு.

சரி, நானே சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். இரவு பதினொன்றுக்கு மேல் ஃபேனை நிறுத்திவிட்டு, பீரோவைத் திறந்து, அம்மாவின் சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும்; இதைவிட மலிவான ஸ்டுடியோ கிடையாது. வியர்வை போன் மேல் சொட்டும், அவ்வளவுதான். ஒரு கதைக்கு எட்டு நிமிடம். சீஷன் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கிற இடத்தில் பல்லி கத்தியதும் பதிவாகிவிட்டது. வெட்டவில்லை. பக்கத்து வீட்டு அத்தை, அவர்கள் இந்து, அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார். "பல்லியே சொல்லிட்டு, நெசந்தான்" என்றார்.

வேத வசனத்தை அப்படியே வாசிக்காதீர்கள், கதையாகச் சொல்லுங்கள். சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்புகிற இளைய மகன், அந்தக் கெட்ட குமாரன், பன்றி தின்கிற தவிட்டுக்கு ஆசைப்பட்டான் என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கிரேக்கத்தில் அது கரோப் என்கிற மரத்தின் நெற்று. நான் பெரிய பண்டிதனாட்டம் அதை விளக்கப் போக, அத்தை "தவிடுன்னே சொல்லுய்யா, மாட்டுக்கு வைக்கிறவளுக்குத் தெரியாதா" என்று முடித்துவிட்டார். தகப்பன் ஓடி வருகிற இடத்தில் மட்டும் 'வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு' என்று சேர்த்தேன். லூக்காவில் வேட்டி இல்லை, எனக்கும் தெரியும், கீழே வந்து எழுத வேண்டாம்.

இது நேற்று வந்த வாட்ஸப் மோகமும் இல்லை. ஹோண்டுராசில் ஊழியம் செய்து, உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் என்ற அமெரிக்கப் பெண் 1939-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்பானிய மொழி இசைத்தட்டோடு தொடங்கிய சுவிசேஷப் பதிவு, இன்றைக்கு 6,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. கரண்ட் இல்லாத ஊர்களுக்காக அட்டையை மடித்தே ஒரு பிளேயர் செய்தார்கள், தட்டைக் கையால் சுற்ற வேண்டும். குரல் அந்தந்த ஊர்க்காரர்களுடையது. உங்கள் குரலும் போதும்.

எங்கள் சபையில் வயதானவர்களுக்கெல்லாம் இதை அனுப்பலாமே என்று கேட்டேன். கமிட்டியில் தீர்மானம் போட வேண்டுமாம். தீர்மானம் இன்னும் வரவில்லை. அதே கமிட்டியில் மைக்குக்கு எக்கோ வைத்த மிக்சர் வாங்கத் தீர்மானம் ஒரே நாளில் வந்தது. இப்போது கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தால் யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்றே புரிவதில்லை. பாட்டிகள் உட்காரும் கடைசி வரிசையில் ஃபேன் ஓடி எட்டு மாதம் ஆகிறது. அதைக் கேட்டால் நான் குறை சொல்கிறவன்.

விடுங்கள். என் தம்பி 2011-இல் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். அதனாலோ என்னவோ, அம்மா தினமும் அந்தக் கெட்ட குமாரன் கதையைத்தான் போடச் சொல்வார். எட்டு நிமிடத்துக்குள் அடக்க, திரும்பி வந்த தம்பிக்கு விருந்தா என்று மூத்த மகன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிற பகுதியை நான் விட்டிருந்தேன். ஒருநாள் கேட்டார்: "எய்யா, மூத்தவன எங்க?"

"நேரம் பத்தலம்மா."

"அவனும் புள்ளதானய்யா. அவனையும் சேத்துச் சொல்லு."

அன்று இரவே திரும்பப் பதிவு செய்தேன். 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்' என்று தகப்பன் மூத்தவனிடம் சொல்கிற இடத்தில் மூன்று தடவை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பதினொரு நிமிடம் வந்தது. அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "பொறவு அவன் உள்ள போனானா?" என்றார்.

"லூக்கா எழுதலம்மா."

"சரி, ஃபேனப் போடு. ஒனக்கு வேர்க்கும்" என்றார்.