பழைய ஹார்ட் டிஸ்கைக் கிணற்றில் போட்டால் தகவல் அழியுமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு மகளிர் கடனுதவிச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். அலுவலகத்தில் பழைய மேசைக் கணினி இரண்டு, லப்டொப் ஒன்று, வேலை செய்யாத வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, சில பென் டிரைவ்கள் கிடக்கின்றன. உறுப்பினர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் வங்கிப் புத்தகப் பக்கங்களும் அவற்றில் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நாங்கள் தட்டச்சு செய்து கொடுத்த முறைப்பாடுகளும் உண்டு. கணினிகளையும் லப்டொப்பையும் பாடசாலைக்குக் கொடுப்பதென்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். 'போர்மட் அடித்தால் போதும்' என்கிறார் கடைத் தம்பி. மற்றவற்றைக் கிணற்றில் போடலாம், எரிக்கலாம், புதைக்கலாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?

பதில்: எரிப்பது, புதைப்பது, கிணற்றில் போடுவது மூன்றையும் விட்டுவிடுங்கள். போர்மட் பாதி சரி. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

2009இல் உடுத்த உடையோடு வந்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. அல்பமும் போச்சு, பிறப்புச் சான்றிதழும் போச்சு. உங்கள் கணினியில் ஸ்கான் செய்து கிடக்கும் ஒரு படமோ, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டோ அந்த வீட்டுக்கு மிஞ்சிய ஒரே பிரதியாக இருக்கலாம். ஆகவே எல்லாவற்றையும் முதலில் ஒரு புதிய வெளி டிஸ்கில் கொப்பி எடுங்கள். அந்த டிஸ்கை, விண்டோஸின் சில பதிப்புகளோடு வரும் பிட்லொக்கர் அல்லது இலவசமாகக் கிடைக்கும் வெராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருள் கொண்டு கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். பிறகு குடும்பங்களைக் கூப்பிட்டு அவரவருடையதை அவரவர் கையில் கொடுங்கள். இது முடியும்வரை ஒரு டிஸ்கிலும் கை வைக்க வேண்டாம். முறையாக அழித்ததைத் திரும்ப எடுக்கவே முடியாது. கடன் தீர்ந்துபோன பழைய விண்ணப்பங்களைப் பற்றி இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. தேவை முடிந்த பின்னும் பிறர் தகவலை வைத்திருப்பதை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விரும்பவில்லை.

இனி அழிக்கும் வேலைக்கு வருவோம். ஒரு கோப்பை டிலீட் செய்து ரிசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே நீங்குகிறது. பதிவேட்டில் பெயரை வெட்டியதால் காணி மறைந்துவிடாது அல்லவா, அதுபோலத்தான். வேறொன்று அந்த இடத்தில் எழுதப்படும்வரை பழைய தகவல் அங்கேயே இருக்கும். கடைகளில் வழக்கமாக அடிக்கும் குயிக் போர்மட்டும் இதையேதான் செய்கிறது. அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்குகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து, முடிவை 2003இல் வெளியிட்டார்கள். வேலை செய்த 129இல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றப் பலவற்றில் கடனட்டை இலக்கங்களும் மருத்துவக் குறிப்புகளும் இருந்தன. விற்றவர்கள் வேண்டுமென்று விட்டுவைக்கவில்லை. அழிந்துவிட்டது என்றே நம்பியிருப்பார்கள்.

மேசைக் கணினிகளில் இருப்பது சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க் என்றால் வேலை சுலபம். தொடக்கத்திலிருந்து கடைசிவரை அதன்மேல் பூச்சியத்தை எழுதிவிட்டால் சரி. 7 தடவை, 35 தடவை எழுத வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த 35, பீட்டர் குட்மன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பலவகை டிஸ்குகளையும் மனதில் வைத்து அவர் சொன்ன கணக்கு அது. இன்றைய ஹார்ட் டிஸ்குக்கு ஒரு தடவை முழுமையாக எழுதினால் போதும். அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. பல தடவை எழுத வேண்டும் என்று யாராவது கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

டிஸ்கைக் கழற்றி, அதை யூஎஸ்பி துளையில் இணைக்க உதவும், தனி மின்செருகியுள்ள சாட்டா யூஎஸ்பி கேபிள் ஒன்றில் மாட்டி வேறொரு கணினியில் இணையுங்கள். அந்தக் கணினியில் கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் 'கிளீன் ஓல்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். வெறும் 'கிளீன்' போதாது, 'ஓல்' சேர்ந்தால்தான் முழு டிஸ்கிலும் பூச்சியம் எழுதப்படும். இந்த இடத்தில் மிக மிகக் கவனம் வேண்டும். டிஸ்கின் இலக்கத்தை மாற்றித் தேர்ந்தால், அந்தக் கணினியில் மாட்டியிருக்கும் வேறொரு நல்ல டிஸ்கின் தகவல் ஒரு கேள்வியும் கேட்காமல் அழிந்துவிடலாம். அழிக்க வேண்டிய டிஸ்கைத் தவிர மற்ற வெளி டிஸ்குகளையும் பென் டிரைவ்களையும் கழற்றிவிட்டு, டிஸ்க்பார்ட்டின் டிஸ்க் பட்டியலில் காட்டும் கொள்ளளவைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். பழைய யூஎஸ்பி 2 துளையில் 500 ஜிகாபைட் டிஸ்க் முடிய நாலைந்து மணித்தியாலம் எடுக்கும், யூஎஸ்பி 3 என்றால் இரண்டு மணித்தியாலம் அளவில் முடியலாம். இடையில் கரண்ட் போனால் பாதியில் விட்டதை முடிந்ததாக எண்ணாமல் முதலிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் ரெக்குவா அல்லது ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஒரு கோப்பும் அகப்படவில்லை என்றால் அந்த டிஸ்கை நிம்மதியாகப் பாடசாலைக்குக் கொடுக்கலாம். சங்கத்தில் கொஞ்சம் காசு இருந்தால் இரண்டு கணினிக்கும் சிறிய எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) போட்டுக் கொடுங்கள் என்பேன். பழைய கணினியும் பிள்ளைகள் சலிக்காமல் பாவிக்கும் அளவுக்கு வேகமாகிவிடும்.

லப்டொப்பில் இருப்பது எந்த வகை என்று பார்க்க, விண்டோஸில் 'டிபிராக்மென்ட்' என்று தேடித் திறவுங்கள். 'மீடியா டைப்' என்ற நிரலில் ஹார்ட் டிஸ்கா எஸ்.எஸ்.டி.யா என்று காட்டும். எஸ்.எஸ்.டி. என்றால் மேலே சொன்ன முறையை மட்டும் நம்ப முடியாது. அதன் சிப்புகள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, நாம் எழுதுவதை உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தி இடம் மாற்றி மாற்றி எழுதும். நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. பூச்சியம் எழுதினாலும் பழைய துண்டுகள் அந்த இடங்களில் தங்கலாம். அதனால் டிஸ்குக்கே 'உன்னை முழுதாக அழித்துக்கொள்' என்று சொல்லும் செக்கியூர் இரேஸ் கட்டளைதான் சரியான வழி. சில லப்டொப்களில், விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயோஸ் என்ற அமைப்புப் பட்டியலிலேயே அது இருக்கும். இல்லையென்றால் சாம்சங், கிங்ஸ்டன், குரூஷல் போன்ற தயாரிப்பாளர்களின் இலவச மென்பொருளில் தேடுங்கள். இரண்டும் சரிவராவிட்டால் முழு டிஸ்கையும் பிட்லொக்கரால் பூட்டி, அதன்பின் 'ரீசெட் திஸ் பிசி' சென்று, எல்லாவற்றையும் நீக்கும் தெரிவோடு 'கிளீன் டேட்டா'வையும் இயக்குங்கள். ஆனால் குடும்பங்களின் முறைப்பாடுகள் இருந்தது இந்த லப்டொப்பில்தான் என்றால், அந்த பிட்லொக்கர் வழியோடு திருப்திப்படாமல் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி உடைத்துவிட்டு லப்டொப்பை மட்டும் கொடுங்கள்.

வேலை செய்யாத வெளி டிஸ்க்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. பெரும்பாலும் செத்திருப்பது அதன் மின்பலகையோ வாசிக்கும் முனையோதான். தட்டில் தகவல் அப்படியே இருக்கும். 2003இல் கொலம்பியா விண்கலம் வானத்தில் சிதறியபோது அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் எரிந்து, உருகி, தரையில் விழுந்தது. அதிலிருந்தும் 99 வீதத் தகவலை மீட்டார்கள். கிணற்றுத் தண்ணீரும் வெளியே அடிக்கும் இரண்டு சுத்தியல் அடியும் அதைவிடப் பெரிதல்ல. நட்சத்திர முனைத் திருப்புளியால் மூடியைத் திறந்து, பளபளக்கும் தட்டுகளை வெளியே எடுங்கள். அலுமினியத் தட்டு என்றால் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, பல இடத்தில் துளைத்து, வளைத்துவிடுங்கள். சிறிய டிஸ்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் கவசம் போட்டு அடியுங்கள், தூளாகச் சிதறும். பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். எஸ்.எஸ்.டி.யையும் பென் டிரைவையும் உடைக்கும்போது உறையை உடைத்தால் போதாது. உள்ளே இருக்கும் கறுப்புச் சிப் ஒவ்வொன்றும் நொறுங்க வேண்டும். பல எஸ்.எஸ்.டி.களில் பலகை உறையின் பாதியில்தான் இருக்கும், நடுவில் ஒரு துளை போட்டால் அது சிப்பில் படாமலே போகலாம்.

எரித்தால் மின்பலகையிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் வரும் நச்சுப் புகை நேரே உங்கள் வளவுக்குள்தான் நிற்கும். புதைப்பதை வன்னியில் நான் இன்னும் கடுமையாக வேண்டாம் என்பேன். முகமாலைப் பக்கம் நான் போன இடங்களில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் உலோகம் காட்டும் கருவியோடு அங்குலம் அங்குலமாக நகர்கிறார்கள். மண்ணில் கிடக்கும் ஒவ்வொரு இரும்புத்துண்டும் அவர்களை முழந்தாளிட்டுத் தோண்ட வைக்கிறது. நாமும் அதில் ஒன்றைச் சேர்க்கக் கூடாது.

உடைத்த துண்டுகளை, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். பழைய இரும்பு வாங்க வருபவரிடம் முழு டிஸ்கைக் கொடுக்கவே வேண்டாம். அலுவலகத்தில் பழைய போட்டோ கொப்பி மெஷின் இருந்தால் அதையும் பாருங்கள், சில பெரிய மெஷின்களுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு. ஒவ்வொரு டிஸ்கின் தொடர் இலக்கம், அழித்த திகதி, அழித்த முறை ஆகியவற்றைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, உங்களோடு இன்னொரு நிர்வாக உறுப்பினரும் கையெழுத்து வையுங்கள். 'என்ரை அடையாள அட்டைக் கொப்பி எங்கே?' என்று நாளைக்கு ஒரு உறுப்பினர் வந்து கேட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.