அண்டர்கிரவுண்ட் ராப் பாடகராக இருந்து பிழைப்பு நடத்த முடியுமா?

கேள்விக்குக் கீழே, "தம்பி வேலையை விட்டுவிட்டு ராப் பாடப் போகிறேன் என்கிறான், சினிமா வாய்ப்பு இல்லாமல் இதில் வருமானம் உண்டா?" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி இன்ஜினியரிங் முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு போனில் முணுமுணுப்பான். காதல் விவகாரம் என்று நினைத்து ஒட்டுக்கேட்டிருப்பீர்கள். என் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

பாட்டை மட்டும் நம்பினால் முடியாது. அதற்காகப் பாடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே, எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் "ஆதி ஜெயிக்கவில்லையா" என்று ஒரு பக்கமும் "பிழைக்கத் தெரியாதவன் வேலை" என்று இன்னொரு பக்கமும் அடித்துவிட்டிருப்பதைப் பார்த்துத்தான்.

ஹிப்ஹாப் தமிழா ஆதியின் ஆல்பம் வந்தது 2012. 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார்கள். அவருக்கும் முன்னால் மலேசியாவின் யோகி பி, 2006-ல் 'வல்லவன்' ஆல்பம் போட்டு, அடுத்த வருடமே 'பொல்லாதவன்' படத்தில் குரல் கொடுத்தார். இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு, யோகி பி இல்லையென்றால் நானெல்லாம் தமிழில் ராப் வரும் என்றே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அதெல்லாம் சினிமாவுக்குள் போன பாதை. நீங்கள் கேட்பது சினிமா இல்லாத பாதை. அதற்கு நான் காட்டக்கூடிய ஆள், உலோக முகமூடி மாட்டிப் பாடிய ராப்பர் எம்.எஃப். டூம்.

என் அறைச் சுவரில் அவர் படம்தான் ஒட்டியிருந்தது. ராணிப்பேட்டையில் தோல் ஃபேக்டரியில் வேலை பார்த்த என் அப்பா, "யார்ரா இவன், இரும்பு மூஞ்சிக்காரன்? கடன்காரனுக்குப் பயந்து ஒளியிறானா?" என்று கேட்டார். பாதி சரிதான். லண்டனில் பிறந்து நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வளர்ந்தவர், இயற்பெயர் டேனியல் டூமிலே. தம்பி சப்ராக்குடன் சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவில் 1991-ல் பெரிய கம்பெனி மூலமாகவே முதல் ஆல்பம் வந்தது. 1993-ல் தம்பி சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார். முடிக்கவேண்டிய இரண்டாவது ஆல்பத்தை அண்ணன் தனியாக முடித்துக் கொடுத்தார். அட்டைப்படம் சர்ச்சையாகும் என்று பயந்து கம்பெனி 1994-ல் ஆல்பத்தையும் நிறுத்தி, ஒப்பந்தத்தையும் ரத்து செய்தது. அதன் பிறகு மன்ஹாட்டன் தெருவில் அலைந்து பெஞ்சில் படுத்திருந்த காலத்தைப் பற்றி அவரே பேசியிருக்கிறார்.

1997 வாக்கில் நியூயார்க்கில் கவிதை வாசிக்கும் ஒரு கஃபேயில், யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடும் ஓப்பன் மைக் மேடையில், பெண்கள் காலில் அணியும் மெல்லிய ஸ்டாக்கிங்கை முகத்தில் மாட்டிக்கொண்டு பாடினார். உலோக முகமூடி எல்லாம் பிறகு வந்தது. 1999-ல் ஒரு வானொலி டிஜே நடத்திய குட்டி இசைக் கம்பெனியில் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' ஆல்பம் வெளிவந்தது. முதல் ஆல்பம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. 2004-ல் மேட்லிப் என்ற இசைத் தயாரிப்பாளருடன் சேர்ந்து 'மேட்வில்லனி' ஆல்பம். அதிலும் பல பாட்டுகளில் ஹூக் கூட, அதாவது திரும்பத் திரும்ப வந்து மனதில் நிற்கும் வரி கூட, கிடையாது. இன்னொரு பக்கம், வார்த்தையே இல்லாத பீட்டுகளை, அதாவது பின்னணி இசையை மட்டும் தொகுத்துத் தொகுத்து ஆல்பமாக விற்றார். இதைத்தான் உங்கள் தம்பி கவனிக்க வேண்டும். ஒரே உழைப்பை இரண்டு சரக்காக விற்கத் தெரிந்த மனுஷன்.

உடனே ஒருவர் வந்து, "தன் ஷோவுக்குப் பதிலாள் அனுப்பி முகமூடி மாட்டி ஏமாற்றியவர்தானே?" என்பார். ஆமாம், அனுப்பினார். டிக்கெட் வாங்கியவன் கோபப்பட்டது நியாயம். நான் அவருக்குக் கோயில் கட்டவில்லை, தொழில் எப்படி ஓடியது என்று மட்டும் சொல்கிறேன். அந்தத் தொழிலும் கடைசிவரை சுகமாக ஓடவில்லை. சிறு வயதிலிருந்து அமெரிக்காவில் இருந்தும் குடியுரிமை வாங்காததால், 2010-ல் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பியவரை உள்ளே விடவில்லை. இங்கிலாந்திலேயே தங்கி 2020 அக்டோபர் 31 அன்று லீட்ஸில் இறந்தார். வெளியே தெரிந்ததே டிசம்பர் 31-ல்தான். அவர் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் யாரிடம் இருக்கவேண்டும் என்று 2023-ல் கோர்ட்டு வரை போனது.

நோட்டு யாருக்குச் சொந்தம் என்ற இடத்தில்தான் என் கதையும் வருகிறது.

ஓ.எம்.ஆரில் நைட் ஷிப்ட் வேலை, சனி ஞாயிறு பெசன்ட் நகர் பீச்சில் சைஃபர். வட்டமாக நின்று ஆளுக்குப் பதினாறு வரி, போலீஸ் பேட்ரோல் வந்தால் எல்லாரும் சுண்டல் வாங்குவது போல நடிப்போம். அலமாரிக்குள் மைக்கை வைத்து, சுற்றித் துணி தொங்கவிட்டு ரெக்கார்ட் செய்த ஒரு பாட்டு யாரோ ரீல்ஸில் போட்டதில் கொஞ்சம் ஓடியது. அந்த வாரமே ஒரு இசைக் கம்பெனியிலிருந்து போன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுத என்னிடம் நேரமில்லை. பதினைந்தாயிரம் ரூபாய் தருகிறோம், இந்தப் பாட்டும் அடுத்த நான்கும் எங்களுக்கு என்றார்கள். என் வாழ்க்கையில் பாட்டுக்கு யாரும் பதினைந்து ரூபாய் கூடத் தந்ததில்லை அதுவரை.

பெரியப்பா மகள் சட்டம் படித்தவள். ஒப்பந்தத்தை அவளுக்கு அனுப்பினேன். கோர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே படித்துவிட்டு போன் செய்தாள். "டேய், நிரந்தரமா, உலகம் முழுக்க, இனிமே கண்டுபிடிக்கப்போற எல்லா மீடியாவுலயும்னு போட்டிருக்கான். நீ செவ்வாய்க் கிரகத்துல போய்ப் பாடினாலும் காசு அவனுக்குத்தான்."

ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். நம்ம ஊர் காப்பிரைட் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊருக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் அவர்கள் "நிரந்தரம்", "உலகம்" என்ற இரண்டு வார்த்தையை மறக்காமல் போடுகிறார்கள். அதோடு, 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு வரி எழுதியவன் தன் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அதையும் கேட்டு ஒரு வரி அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. (நான் வக்கீல் இல்லை. தம்பி கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டட்டும்.)

காலத்தை ஐந்து வருடமாக மாற்றுங்கள் என்று கேட்டேன். "இது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் ப்ரோ, எல்லாரும் போடுறாங்க ப்ரோ" என்றார் அந்தப் பக்கத்து ஆள். நான் கையெழுத்துப் போடவில்லை. என்னோடு அதே சைஃபரில் நின்ற நண்பன் போட்டான். அவனைத் தப்புச் சொல்லவில்லை, அவன் வீட்டில் அந்த மாதம் தங்கச்சி காலேஜ் ஃபீஸ். இன்று அவன் ஒரு கல்லூரி விழாவில் தன் சொந்தப் பாட்டைப் பாடிய வீடியோவை ஏற்றினால், அவன் குரலுக்கே காப்பிரைட் க்ளெய்ம் வருகிறது.

எனக்கும் க்ளெய்ம் வந்தது, வேறு வகையில். வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் லீசுக்கு வாங்கிய பீட். அதே பீட்டை வாங்கிய இன்னொருவர் தன் பாட்டை, யூடியூபில் காப்பிரைட் உள்ள சத்தத்தைத் தானே கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டார். மெஷினுக்கு இரண்டும் ஒரே சத்தம். ரசீதைக் காட்டி ஆட்சேபித்தேன். எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம், அந்த 30 நாளில்தான் பாட்டு ஓடவேண்டிய ஓட்டம் ஓடி முடிந்துவிடும். அதிலிருந்து பீட் போட நண்பன் ஒருவனை வைத்துக்கொண்டு பாதிப் பாதி என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வைத்துக்கொள்கிறேன்.

இந்த அழகில் வீடு வேறு. நான்கு பேச்சிலர் பையன்கள் என்றாலே சென்னையில் வாடகை ஏறும், அதில் ஒருவன் பாடுவான் என்றால் கேட்கவே வேண்டாம். ஹவுஸ் ஓனர் மேல் மாடியிலிருந்து, "என்னப்பா, ராத்திரி யாரையோ திட்டுற மாதிரி இருக்கே?" என்பார். ஆடி மாசம் அவர் வாசலிலேயே குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியற்காலை நாலரைக்கு ஆரம்பிப்பார்கள், அது அவருக்குக் கேட்காது. சாமி விஷயத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள், நானும் வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடித்தவன். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார், பாருங்கள், அதுதான் இன்னும் எரிகிறது. நாங்கள் குடிவரும்போதே சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. போட்டோ கூட இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு ராப் எழுதினால் ஊரே கேட்கும்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரீமிங்கில் வரும் தொகையை வருமானம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவை ஓடியிருந்தால்தான் அதற்குக் காசே. யூடியூபில் நீள வீடியோவுக்கு விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்வை. கல்லூரி விழாக்காரர்கள் செலிப்ரிட்டிக்கு லட்சத்தில் கொடுத்துவிட்டு நமக்கு "எக்ஸ்போஷர்" தருவார்கள். எனக்கு நிஜமாகக் காசு தருவது மற்ற ராப்பர்களின் பாட்டை மிக்ஸ் செய்வதும், கடைத் திறப்பு விழா விளம்பரத்துக்கு வரி எழுதுவதும்தான். ஒரு பிரியாணிக் கடைக்கு நான் எழுதிய எட்டு வரி, என் ஆல்பம் மொத்தத்தையும் விட அதிகம் சம்பாதித்தது. அவமானமாக இல்லையா என்று சைஃபர் தம்பிகள் கேட்பார்கள். இல்லை. அந்தக் காசில்தான் மைக் மாற்றினேன்.

அதனால் தம்பி இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே பாடுகிறவனை அரைகுறை என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்பா காசில் இருப்பவர்கள். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற காப்பிரைட் சொசைட்டியில் பாடலாசிரியராக உறுப்பினர் ஆகச் சொல்லுங்கள். ரெக்கார்டிங்கின் மூல ஃபைல்களை ஸ்டுடியோக்காரரிடம் மட்டும் விடாமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போர்வையை எடுத்துவிட்டு அலமாரியைக் காலி செய்து கொடுங்கள், சத்தம் நன்றாக இருக்கும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

"நீங்க என்ன பாடியிருக்கீங்க, லிங்க் போடுங்க" என்று கீழே நிச்சயம் யாராவது கேட்பீர்கள். போட மாட்டேன். என் ஆபீஸ் மேனேஜரும் இந்தத் தளத்தில் இருக்கிறார், ஓடிய அந்த ஒரு பாட்டு அவரைப் பற்றியது.