கொரோனா வருஷத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி தன் கணக்குக் கொள்கையை மாற்றிக்கொள்ளலாமா?

கேட்கப்பட்ட கேள்வி: "2020-ல் கொரோனா வந்தபோது சின்ன மென்பொருள் கம்பெனிகள் வருமானத்தை எப்படிப் பதிந்தன? அந்த மாதிரி நெருக்கடியில் கொள்கையை மாற்றிக்கொள்ள இடம் உண்டா? எங்கள் எம்.டி. போட்ட பில் எல்லாம் வருமானம்தான் என்கிறார்."

போட்ட பில் எல்லாம் வருமானம் ஆகாது. நெருக்கடி வந்தது என்பதற்காகக் கொள்கையை மாற்றவும் முடியாது. உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, நீங்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், பின்னால் ஒருவர் நிற்கிறார். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் சி.ஏ. இல்லை. பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர் பரீட்சையில் ஒரு குரூப் எழுதி, அதற்கு மேல் வீட்டுச் சூழ்நிலையில் படிக்க முடியாமல் வேலைக்கு வந்தவள். ஆனால் பதினான்கு வருஷமாகக் கம்பெனிக் கணக்கை முடித்து ஆடிட்டர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே சொல்வது ஏ.எஸ். 9, அதாவது எதை எப்போது வருமானமாக எடுக்கலாம் என்று சொல்லும் கணக்கியல் தரத்தைப் பின்பற்றும் சின்ன கம்பெனிகளுக்கு. பங்குச் சந்தையில் உள்ளவர்களுக்கும், 250 கோடிக்கு மேல் நிகர மதிப்பு உள்ளவர்களுக்கும் 'இந்த் ஏ.எஸ். 115' (Ind AS 115) என்ற வேறு தரம் உண்டு. அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்னென்ன வாக்குறுதி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விலை, எது எப்போது நிறைவேறியது என்று ஐந்து படியில் போகும். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் கம்பெனி சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. மொத்தம் 22 பேர். ஏற்காட்டு லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகளுக்கு பில்லிங், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொள்முதல் கணக்கு, சில பள்ளிக்கூடங்களுக்கு ஃபீஸ் மென்பொருள். பெரிய நகரத்துக் கம்பெனி எதுவும் எட்டிப் பார்க்காத வேலைகள். அவற்றை நன்றாகவே செய்தோம்.

வருமானத்தில் பெரிய பங்கு ஏ.எம்.சி., அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒரு லாட்ஜுக்கு 2020 பிப்ரவரி 1-ல் ஒரு வருஷத்துக்கு 36,000 ரூபாய்க்கு பில் போட்டோம் என்று வையுங்கள். மாசம் 3,000. மார்ச் 31 அன்று நாம் செய்து முடித்திருப்பது இரண்டு மாச வேலை, அதனால் வருமானம் 6,000 மட்டும். மீதி 30,000 கடன் பக்கம் போக வேண்டும். பணம் வங்கிக்கு வந்திருந்தாலும் அது இன்னும் லாட்ஜ்காரருடைய பணம்தான். பத்து மாசம் போன் எடுக்கிறோம், பழுது பார்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அதை வாங்கியிருக்கிறோம். ஜி.எஸ்.டி. 6,480-ஐ இதில் சேர்க்கவே கூடாது, அது எப்போதுமே நம் வருமானம் இல்லை. இதுதான் எங்கள் கொள்கை, பேலன்ஸ் ஷீட் குறிப்பில் வருஷா வருஷம் அச்சடித்திருந்தோம்.

சரி, அந்த 31-ம் தேதிக்கு வருகிறேன்.

மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144. அன்றிரவே நாடு முழுக்க ஊரடங்கு. மத்தியானமே டேலி இருந்த லேப்டாப்பையும் இரண்டு ஃபைல்களையும் அம்மாப்பேட்டையில் என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம்தான். அந்த வாரம் ஒரு தறியும் ஓடவில்லை. காது அடைத்துப் போன மாதிரி இருந்தது. அந்த அமைதியில் உட்கார்ந்துதான் வருஷக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். 31 காலையில் எம்.டி. போன் செய்தார்.

ஆத்தூர் ஜவ்வரிசி ஆலை ஒன்றுக்கு 4,80,000 ரூபாய்க்கு ஒரு புராஜெக்ட். கிழங்கு லாரி எடை மேடையில் ஏறியதும் எடை தானாகக் கம்ப்யூட்டரில் விழும். கிழங்கின் மாவுச்சத்துப் பாயின்ட்டைப் போட்டால் விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை வந்துவிடும். 40 சதவீதம், அதாவது 1,92,000, அட்வான்ஸாக வாங்கியிருந்தோம். இன்ஸ்டால் செய்து கொடுத்ததும் இன்னொரு 1,92,000. பயிற்சி முடிந்ததும் மீதி.

"ஏம்மா, சர்வர் போய் இறங்கிருச்சு. சாஃப்ட்வேரும் ரெடி. இன்ஸ்டாலேஷன் ரெண்டு மணி நேர வேலை. மார்ச் 30-னு தேதி போட்டு பில்லைப் போட்ருங்க. ஊரடங்கு முடிஞ்சதும் போய் முடிச்சுக் குடுத்துடலாம்."

"சார், 24-ம் தேதியில இருந்து 144 இருக்கு. 30-ம் தேதி நம்ம பையன் ஆத்தூருக்கு எப்படிப் போனான்னு ஆடிட்டர் கேட்டா என்ன சொல்றது?"

"ரிமோட்ல பண்ணினோம்னு சொல்லுங்க."

"அட்டைப்பெட்டியே இன்னும் பிரிக்கல சார். அங்க நெட் கனெக்ஷனும் வரல."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "நீங்க கணக்கை எழுதுங்க, பிசினஸை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. இன்ஸ்டாலேஷன் சான்றிதழ். கீழே ஆலையின் ரப்பர் ஸ்டாம்ப், மேலே எல்லாம் காலி. சர்வர் இறக்கிய அன்று டெலிவரி சலானோடு சேர்த்து வாங்கி வைத்த வெற்றுத் தாள் அது. தேதியை என்னையே எழுதச் சொன்னார்.

எழுதவில்லை. அன்று ராத்திரி தூங்கவும் இல்லை. வீட்டுக்காரர் பட்டறைக்கும் வேலை இல்லாத நேரம், வீட்டில் வருவது என் சம்பளம் ஒன்றுதான். அதை நினைத்துக்கொண்டேதான் எழுத மாட்டேன் என்று சொன்னேன்.

எம்.டி. சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே என்று இதைப் படிக்கும் யாராவது சொல்லலாம். அதையும் பார்த்துவிட்டேன். இன்ஸ்டாலேஷனும் சோதனையும் முடிந்து வாங்கியவர் ஏற்றுக்கொண்ட பிறகே வருமானம் என்பது ஏ.எஸ். 9-ன் இணைப்பில் இருக்கிறது. இன்ஸ்டாலேஷன் மிகச் சாதாரணமாக இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று விலக்கும் இருக்கிறது. அதற்கு அங்கே தரும் உதாரணம் டி.வி. பெட்டி. பிரித்து, கரன்ட்டும் ஆன்டெனாவும் மாட்டினால் வேலை முடிந்தது. எடை மேடையோடு பேசும் மென்பொருள் டி.வி. பெட்டி இல்லை. பழைய நோட்டுக் கணக்கை ஏற்றி, மேடையின் கருவியை இணைத்து, நாலு லாரி ஏற்றிச் சரிபார்க்க மூன்று நாளாவது ஆகும். அதனால் அட்வான்ஸ் 1,92,000 கடன் பக்கமே நின்றது, இரண்டாவது பில் போடவே இல்லை.

மறுநாள் அவர் வேறு வழியாக வந்தார். "கொள்கையையே மாத்திடலாம், கொரோனான்னு காரணம் எழுதிடலாம்." உங்கள் கேள்வி நேராகத் தொடுவது இந்த இடத்தைத்தான். கொள்கை மாற்றங்களைப் பற்றிச் சொல்லும் ஏ.எஸ். 5 என்ற தரம் மூன்று காரணங்களுக்கு மட்டும்தான் கொள்கையை மாற்ற விடுகிறது. சட்டம் கேட்க வேண்டும், அல்லது கணக்கியல் தரம் கேட்க வேண்டும், அல்லது மாற்றினால் கணக்கு இன்னும் பொருத்தமாக அமைய வேண்டும். இந்த வருஷம் லாபம் குறைகிறது என்பது அதில் இல்லை. மாறுவது மதிப்பீடு. இந்தப் பணம் வருமா, எவ்வளவு வரும் என்ற கணிப்பு கொரோனாவால் தலைகீழாக மாறத்தான் செய்தது. அதை அந்த வருஷக் கணக்கிலேயே காட்ட வேண்டும். கொரோனா மார்ச் 31-க்குப் பிறகு வந்தது என்று தள்ளிப் போடவும் இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்ததே மார்ச் 11-ல்.

மதிப்பீடு மாறுவது எங்களுக்கு ஏற்காட்டில்தான் உறைத்தது. மலையில் ஏப்ரலும் மே மாதமும்தான் சீசன். அந்த இரண்டு மாச வியாபாரத்தை நம்பித்தான் லாட்ஜ்காரர்கள் வருஷ பில்லையெல்லாம் கட்டுவார்கள். அந்த வருஷம் கோடை விழாவும் இல்லை, மலைக்கு வர ஆளும் இல்லை. பதினோரு லாட்ஜ்களின் பில் நிலுவையில் நின்றது. ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். ஒருவர், "மேடம், ரூமைத் திறந்து பார்த்தா மெத்தையெல்லாம் பூஞ்சக்காளான். நாய்க்குச் சோறு போட வாட்ச்மேன் ஒருத்தர் இருக்கார், அவருக்கே சம்பளம் குடுக்க முடியல" என்றார். அதற்கு மேல் பணம் கேட்க வாய் வரவில்லை.

இங்கேதான் பலரும் தப்புச் செய்கிறார்கள். பணம் வராது என்று தெரிந்ததும் பழைய வருமானத்தையே அழித்துவிடுகிறார்கள். பில் போட்டபோது சந்தேகம் இல்லாமல் இருந்து, பிறகுதான் சந்தேகம் வந்தது என்றால் வருமானம் அப்படியே நிற்கட்டும், வாராக்கடனுக்குத் தனியாக ஒதுக்கீடு செய்யுங்கள் என்கிறது ஏ.எஸ். 9. பில் போடும் நாளிலேயே பணம் வருமா என்பது நிச்சயமில்லை என்றால், உறுதியாகும் வரை வருமானமாகவே எடுக்கக் கூடாது. அதனால் மார்ச்சுக்கு முன்பு போட்ட பில்களில் செய்து முடித்த மாசங்களுக்கு ஒதுக்கீடு செய்தோம். மூடிக் கிடந்த லாட்ஜ்களுக்கு ஏப்ரலில் புதுப்பித்த ஏ.எம்.சி.யைப் பணம் வந்த பிறகே வருமானமாக எடுத்தோம். அப்படித் தள்ளி வைத்த விவரத்தை அடுத்த வருஷக் குறிப்பில் எழுதினோம், எழுதியே ஆக வேண்டும்.

லாட்ஜ் மூடியிருந்த மாசத்துக்கு ஏ.எம்.சி. வருமானம் எப்படி வரும் என்றும் கேட்பார்கள். எங்கள் பையன்கள் வீட்டிலிருந்தே போன் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், சர்வரும் ஓடியது. வாடிக்கையாளர் கூப்பிடவில்லை என்பதால் நாம் தயாராக இருந்தது இல்லை என்று ஆகிவிடாது.

பணம் கட்டியிருந்த லாட்ஜ்கள் "மூணு மாசம் சும்மா போச்சு, நீட்டிக் குடுங்க" என்றன. ஜூலை 1 முதல் ஒப்புக்கொண்டோம். மேலே சொன்ன 36,000 ரூபாய்க் கணக்கில் ஜூன் வரை 15,000 எடுத்தாயிற்று, மீதி 21,000. முடிகிற தேதி 2021 ஏப்ரல் 30 ஆகிவிட்டதால் மிச்சம் பத்து மாசம், மாசம் 2,100. பழைய மாசங்களைத் தொடவில்லை. டேலியில் ஒவ்வொரு லாட்ஜுக்கும் இதைத் தனித்தனியாக மாற்றினேன்.

ஜி.எஸ்.டி.யைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வராத பணத்துக்கும் 18 சதவீதம் நாங்கள் கட்டினோம். வாடிக்கையாளர் பணம் கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் தாள்) போட்டு அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. கொரோனாவில் தாக்கல் செய்யும் தேதியைத் தள்ளினார்கள், தொகையைத் தள்ளுபடி செய்யவில்லை. சின்ன கம்பெனியின் கழுத்தை இது எவ்வளவு நெரிக்கும் என்பது சம்பளத் தேதியில் வங்கி இருப்பைப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஏப்ரலில் எல்லோருக்கும் 30 சதவீதம் சம்பளம் பிடித்தார்கள், ஏற்றுக்கொண்டேன். அக்டோபரில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு முழுச் சம்பளம் திரும்ப வந்தது. கணக்குப் பிரிவில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்த ஏப்ரல் வரை வரவில்லை. "அவங்க போயிட்டா ஆள் கிடைக்காது, டேலி போடறவங்க கிடைப்பாங்க" என்றார்கள். எங்கள் ஊரில் எத்தனை பெண்கள் பி.காம். படித்துவிட்டு இந்த வேலை பார்க்கிறார்கள்! ஒவ்வொரு கம்பெனியின் வங்கிக் கடனும், வரியும், ஆடிட்டும் அவர்கள் விரல் நுனியில் நிற்கிறது. "டேலி போடறவங்க" என்ற அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எம்.டி.யைக் கெட்டவர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. 22 குடும்பங்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது என்ற பயத்தில்தான் அவர் அப்படிக் கேட்டார். லாபம் குறைந்தால் வங்கி ஓ.டி.யை (ஓவர்டிராஃப்ட் கடனை) புதுப்பிக்காது என்று நினைத்தார். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ல் எழுதிய கடிதத்தில், இல்லாத 5,000 கோடிக்கு மேல் ரொக்கம் கணக்கில் இருந்ததாக ஒப்புக்கொண்டார். அந்த வித்தியாசம் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்றும் அதில் எழுதியிருந்தார். எம்.டி.யிடம் அதைத்தான் நினைவுபடுத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை.

மே மாதம் மத்திய அரசு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தது. பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதலாகக் கிடைத்தது. அந்தத் தொகையை முடிவு செய்ய அந்த 31-ம் தேதி லாபத்தை யாரும் பார்க்கவில்லை. ஆத்தூர் வேலை ஜூனில் முடிந்தது, மூன்று நாள் இல்லை, நாலு நாள் ஆயிற்று. பில்லும் ஜூன் தேதியில்தான் போட்டேன். பணமும் வந்தது.

உங்கள் எம்.டி.யிடம் வாதம் செய்ய வேண்டாம். பில்லுக்கு எதிரே வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட தாளையும் அதில் உள்ள தேதியையும் கேளுங்கள். ஏ.எம்.சி.க்கு ஒரு எக்செல் தாள் போதும்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, வரி இல்லாத தொகை, மார்ச் 31 வரை எத்தனை நாள், மீதி. அதை ஆடிட்டருக்கு வருஷம் முடிவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள், பிறகு அனுப்பினால் எம்.டி. சொன்ன தொகை முதலில் போய்ச் சேர்ந்திருக்கும். தாள் போட வரவில்லை என்றால் கீழே கேளுங்கள், நான் பயன்படுத்தும் ஃபார்முலாவைத் தருகிறேன்.