நிவாரணம் வாங்கியவர்கள் இழப்பீடு கேட்க முடியாதா?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் என் கணவர் ஃபைபர் படகில் இறாலும் மடவையும் பிடிக்கிறார். நான் கூடையில் கொண்டுபோய் விற்கிறேன். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவில் வலையும் படகும் பாழாயின. அரசு கொடுத்த 12,500 ரூபாயை வாங்கிக்கொண்டோம். இன்றுவரை மீன்பாடு பழைய மாதிரி இல்லை. இப்போது ஒருவர் வந்து, "பசுமைத் தீர்ப்பாயத்தில் பத்து லட்சம் வாங்கித் தருகிறேன். ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டது, ஆனால் உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, பழைய தேதி போட்டுச் சேர்த்துவிடலாம்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்தும் மூவாயிரம் ரூபாயும் கேட்கிறார். நிவாரணம் வாங்கிய நாங்கள் கேட்கலாமா? அவரிடம் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: கேட்கலாம் அம்மா. அந்த ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

முதலில் கெடு. பசுமைத் தீர்ப்பாயம் என்பது சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தனி மன்றம். அதற்கான 2010ஆம் ஆண்டின் சட்டத்தில் இரண்டு கெடுக்கள் உண்டு. சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம், அது 14ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்பது 15ஆம் பிரிவு, அதற்கு ஐந்து வருடம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் உங்கள் முகத்துவாரத்தில் இறங்கியது 2023 டிசம்பரில். ஆக, 2028 டிசம்பர் வரை உங்களுக்கு நாள் இருக்கிறது. ஆறு மாதக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துகிறவருக்கு ஒன்று சட்டம் தெரியாது, இல்லையென்றால் நன்றாகவே தெரியும். பழைய தேதி போடுவது மோசடி. பிடிபட்டால் மாட்டுவது அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட நீங்கள்.

வெற்றுத்தாள் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு குப்பத்துக் குடும்பங்களின் மனுக்கட்டு ஒன்று என் மேசைக்கு வந்தது. எல்லா மனுவிலும் ஒரே தொகை, ஒரே வலை அளவு, வருடத்தின் 365 நாளும் தொழில் நஷ்டம். படகே இல்லாத மனிதர் ஒருவரின் மனுவில் எஞ்சின் நம்பர் இருந்தது! அப்படி ஒரு கட்டைப் பார்க்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு வாதமே தேவையில்லை. உண்மையாக வலையை இழந்தவரும் அதே கட்டில் சேர்ந்து அடிபடுகிறார். இன்னும் சிலர் அந்தத் தாளையே பவர் பத்திரமாக மாற்றி, பணம் தங்கள் கணக்குக்கு வரும்படி எழுதிக்கொள்கிறார்கள். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, போனில் வரும் ஓ.டி.பி. எண் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மூவாயிரம் ரூபாய்க் கணக்கும் பொய்தான். இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணம் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000 ரூபாய். பத்து லட்சம் கேட்டால் 10,000 கட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே கிடையாது. அப்படியானால் அந்த மூவாயிரம் எதற்கு என்று அவரிடமே கேளுங்கள்.

இனி உங்கள் பெரிய பயம். நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. 12,500 வாங்கியதால் உங்கள் உரிமை போகவில்லை. ஆனால் வாங்கியதை மறைக்கக் கூடாது. வேறு இடத்தில் வாங்கியதையும் விண்ணப்பித்ததையும் தீர்ப்பாயத்தில் சொல்லியாக வேண்டும் என்று அதே 15ஆம் பிரிவு சொல்கிறது. மறைத்தால் உங்கள் வார்த்தையை அதற்குப்பின் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல் வரும். அரசுப் பணம் வாங்கும்போது போட்ட கையெழுத்து வெறும் ரசீது. எண்ணெய் கசிந்த மணலிக் கம்பெனித் தரப்பிலிருந்தோ, அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டோ யாராவது வந்து, வலைக்கென்று ஒரு தொகை கொடுத்து, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் கதை வேறு. அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்திருக்கலாம், ஊர்க்கூட்டத்தில் வரிசையில் நின்று போட்டதாக இருக்கலாம், கணவர் மட்டும் போட்டிருக்கலாம். நன்றாக யோசித்துப் பாருங்கள். அவரையும் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அப்படி ஏதும் நகல் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். போட்டிருந்தாலும் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. படித்துக்காட்டாமல் வாங்கிய கையெழுத்தை எதிர்த்து வாதிடலாம். ஆனால் வக்கீலிடம் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நிரூபிக்க வேண்டியது எது? கம்பெனியின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்தில் தவறு யாருடையது என்று பார்க்காமலே பொறுப்பு சுமத்தச் சட்டம் இடம் தருகிறது. "புயல் வந்தது, நாங்கள் என்ன செய்வோம்" என்பது அதனால் எடுபடாது. "எண்ணூர் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலால் கெட்டுக் கிடந்த இடம்தானே" என்பார்கள், அதற்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். கசிவுக்கு முந்தைய வருடமும் பிந்தைய வருடமும் மீன்பாடு எவ்வளவு என்று காட்டுங்கள். ஏலக்காரர் சீட்டு, டீசல் பில், ஐஸ் வாங்கிய துண்டுச்சீட்டு, சங்கப் பாஸ்புக் எல்லாமே சாட்சி. எண்ணெய் இறுகிய கயிறோ மிதவையோ மிச்சமிருந்தால் பிளாஸ்டிக் கவரில் போடாமல், கண்ணாடி பாட்டிலில் மூடித் தேதி எழுதி வையுங்கள்.

நீர் வற்றும் நேரத்தில் அலையாத்தி மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்பவை அதன் மூச்சுவேர்கள். எண்ணெய் பூசினால் அந்த வழியாக மரம் மூச்சுவிட முடியாது. இறால் குஞ்சு வளர்வதும் அந்தச் சேற்றில்தான். மேலே மிதந்ததை அள்ளிவிட்டாலும் சேற்றுக்குள் இறங்கியது சீக்கிரம் போகாது. ஓர் இடத்தில் கையால் தோண்டும்போது தண்ணீரில் வானவில் நிறம் படர்ந்தால் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் இன்னும் தொடர்கிறது என்று சொல்ல அது உதவும்.

உங்கள் விற்பனை நஷ்டத்தைக் கணவரின் மனுவுக்குள் அடக்காமல் தனியாகக் கேளுங்கள். நிவாரணம் என்றாலே இங்கே படகை எண்ணுகிறார்கள். கூடைக்காரப் பெண்ணும், முட்டியளவு சேற்றில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் எந்தப் பட்டியலில் வருகிறார்கள்? 2017இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியால்தான் அள்ளினோம். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து மறுபடி கொட்டியபோது உங்கள் ஆட்களே பக்கெட்டும் டிரம்முமாக இறங்கினார்கள். தீர்ப்பாயம் சேப்பாக்கத்தில், உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. ஆனால் விதிப்படி அங்கே நடவடிக்கை எல்லாம் ஆங்கிலம், தமிழ்க் காகிதத்துக்கு மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். புரோக்கர் பிழைப்பதே இந்த ஓட்டையில்தான். எத்தனை முறை சொன்னாலும் இதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை என்பது எனக்குப் பெரிய ஆத்திரம்.

அதனால் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கச் சட்டம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து, அருகில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். வங்கியில் 12,500 வரவான பக்கத்தின் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, ஏலக்காரர் கொடுத்த சீட்டுகள் மூன்றையும் எடுத்துப்போங்கள். மனு எழுதியதும் வரிவரியாகத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லி, பிறகே கையெழுத்துப் போடுங்கள்.