52 வயதில் சிகரெட்டை விட்டால் பலன் உண்டா?

முப்பது வருஷம் புகைத்தாயிற்று, இனி விட்டு என்ன பயன், தோலில் ஒட்டும் நிகோடின் (புகையிலையில் உள்ள, அடிமையாக்கும் பொருள்) பேட்ச் போட்டும் ஆசை அடங்கவில்லை என்கிறீர்கள். பயன் நிச்சயம் உண்டு. பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த, டால், பீட்டோ என்ற ஆய்வாளர்களின் ஆய்வில், 50 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 6 ஆண்டு ஆயுள் கூடியது. நுரையீரல் புற்றுநோய் அபாயமும், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், 10 வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகும்.

பேட்ச் நாள் முழுக்க மெதுவாக நிகோடின் தரும். சாப்பிட்டு முடித்ததும் சட்டென்று எழும் ஆசைக்கு அது ஈடுகொடுக்காது. அந்த நேரத்துக்கு நிகோடின் சூயிங் கம் சேர்த்துக்கொள்ளுங்கள். விறுவிறுவென்று மெல்லாதீர்கள், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அப்புறமும் அடங்காவிட்டால், புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.