3 அங்குல டிரங்கிங்கில் 75 மி.மீ. மூடி ஏன் ஏறவில்லை?

கேள்வி: பேர்ணாம்பட்டில் முன்பு தோல் கிடங்காக இருந்த கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, காலணி மேற்புறம் தைக்கும் சிறு தொழிற்கூடம் நடத்திவருகிறேன். சுவரை ஒட்டி ஏறத்தாழ 80 அடி நீளத்துக்கு ஒயர்கள் செல்லும் இரும்பு டிரங்கிங் (மூடி போட்ட நீண்ட தகட்டுப் பெட்டி) இருக்கிறது. அதன் மூடிகளில் பாதி காணவில்லை, மீதியில் சில துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. முன்பிருந்தவர்கள் சில இடங்களில் பிளைவுட் துண்டுகளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வேலூரிலிருந்து 75 மி.மீ. மூடி வாங்கிவந்தால் அது ஏற மறுக்கிறது. சுத்தியலால் தட்டி ஏற்றிவிடலாமா?
– வாசகர், பேர்ணாம்பட்டு

பதில்: தட்ட வேண்டாம். உங்களுடையது பெரும்பாலும் அங்குலக் கணக்கில் செய்யப்பட்ட டிரங்கிங்காக இருக்கும். 3 அங்குலம் என்பது 76.2 மி.மீ., கடையில் கிடைக்கும் மூடியோ 75 மி.மீ. டிரங்கிங்குக்கென்று வளைத்தது. இந்த 1.2 மி.மீ. வித்தியாசம்தான் உங்களைத் தடுக்கிறது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது என்றாலும், பட்டறைகளில் அங்குலம் அவ்வளவு எளிதில் ஓய்ந்துவிடவில்லை. தட்டி ஏற்றினால் டிரங்கிங்கின் பக்கச் சுவர் உள்ளே வளையும், மூடியின் மடிப்பு பிளக்கும், பிளந்த விளிம்பு ஒரு நாள் ஒயரின் உறையைக் கிழிக்கும்.

ஆகவே புதிதாக வளைத்து வாங்குவதே நல்லது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தகடு வெட்டி வளைக்கும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கே போய் "3 அங்குல மூடி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். பட்டறைக்காரர் அதை வெளியளவு என்று எடுத்துக்கொண்டு 24 மூடிகளையும் வளைத்து முடித்துவிட்டார், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. தவறு அவருடையதன்று. டிரங்கிங்கின் வெளி அகலத்தை வெர்னியர் காலிபரால் இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து, மூன்றில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தகடு நடுவில் சற்று விரிந்திருப்பது வழக்கம். அது 76.2 என்றால் மூடியின் உள்ளளவு 77 மி.மீ. இருக்கட்டும். 18 கேஜ் தகடு 1.2 மி.மீ. கனம் என்பதால் வெளியளவு 79.4 ஆகும். இரண்டு அளவுகளையும் படம் வரைந்து எழுதிக் கொடுத்து, முதலில் ஓரடி நீளத்துக்கு ஒரே ஒரு மாதிரியைச் செய்யச் சொல்லி, அதைக் கட்டடத்தில் வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குச் சரி என்று சொல்லுங்கள். இரு பக்கமும் 12 மி.மீ. மடிப்பு வைத்தாலும், 8 அடிக்கு 4 அடி ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஒன்றிலிருந்து 11 பட்டைகள் தாராளமாகக் கிடைக்கும். அதாவது 88 அடி. உங்கள் 80 அடிக்கு ஒரே தகடு போதும். ஒவ்வொரு மூடியும் 4 அடிக்கு மேல் வேண்டாம். நீளமான மூடி தையல் இயந்திரங்களின் அதிர்வில் நாள் முழுவதும் கிலுகிலுக்கும், கழற்றி மாட்டவும் இரண்டு ஆள் வேண்டும்.

திருகுத் துளைகளை அளவுநாடாவால் அளந்து குறித்தால் ஏமாறுவீர்கள். தடித்த காகிதத்தை டிரங்கிங்கின் மேல் விரித்து, துளை இருக்குமிடத்தில் விரலால் அழுத்தினால் பதிவு விழும், அதையே தகட்டுக்கு மாற்றுங்கள். பழைய துளைகளில் 2 பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரை இருந்தால், எம்5 டேப்பை (5 மி.மீ. மெட்ரிக் மரை வெட்டும் கருவி) ஓட்டிப் புது மரை எடுத்துவிடலாம். ஆனால் அது விட்வொர்த் என்ற இன்னொரு பழைய பிரிட்டிஷ் வகையில் 3/16 அங்குல மரையாகவும் இருக்கலாம்; அதில் எம்5 ஓட்டினால் இரண்டு மரைகளும் கெடும், ஆகையால் பழைய திருகு ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். கூர்முனைத் திருகு மட்டும் கூடாது, முனை நேராக ஒயருக்குள் இறங்கும். மரை எடுக்கும்போது உதிரும் இரும்புத் துகள் கேபிளின் மேல் விழாதபடி துணி விரித்து, மிஞ்சியதைக் காந்தத்தால் பொறுக்கிவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பு மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள்.

தோல் கிடங்கு என்பதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்பு ஊறிய சுவர், துத்தநாகப் பூச்சைத் தின்று வெள்ளைப் பொடியாக்கிவிடும். தோலிலிருந்து முடியை நீக்கும் சோடியம் சல்ஃபைடு புழங்கிய இடத்தில் இணைப்புகளிலுள்ள செம்புப் பட்டைகளும் கறுத்திருக்கும். மூடிகளின் வெட்டு விளிம்பில் பூச்சு இருக்காது என்பதால், அரத்தால் பிசிறு நீக்கித் துத்தநாகப் பெயின்ட் அடியுங்கள். எந்த மூடியையும் எர்த்துக்கு வழியாக நம்ப வேண்டாம், தனிச் செம்பு எர்த் ஒயர் ஓடட்டும். மூடியின் திருகு அமரும் இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டிவிட்டு, மூடிக்கும் மெயின் எர்த்துக்கும் இடையிலான தடையை அளந்தால் அது ஓமின் சிறு பின்னமாகவே இருக்க வேண்டும். பிளைவுட்டை இன்றே எடுத்துவிடுங்கள். தீப்பொறியை அது அடக்காது, எலிக்கும் வழிவிடும்.

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் டிரங்கிங்கை மூடினால் மூடி நடுவில் புடைக்கிறது. கூடுதலாக நான்கு திருகு போட்டு இறுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: குறை மூடியில் இல்லை, உள்ளே கேபிள் மிகுந்துவிட்டது. உட்புறப் பரப்பில் கேபிள்கள் பாதிக்கும் குறைவாக இருந்தால்தான் சூடு வெளியேறும். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் ஓடும் டிரங்கிங்குக்கு இது இன்னும் பொருந்தும். திறந்து பார்த்தால் பயன்படாத பழைய இணைப்புகள் நான்கைந்தாவது இருக்கும், அவற்றை உருவிவிடுங்கள். துணிப் பின்னலிட்ட ரப்பர் ஒயர் தென்பட்டால் அதை மடக்கவோ அழுத்தவோ வேண்டாம், தொட்டாலே உறை பொடிந்து விழும். அந்த ஒயரை மாற்றிய பிறகு மூடியைப் போட்டுப் பாருங்கள்.