எச்சரிக்கை வந்தும் டாக்டர் ஏன் மூடினார்?

கேள்வி: நிமோனியாவால் அப்பா ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்தார். டாக்டர் கம்ப்யூட்டரில் மருந்து எழுதும்போது சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. படித்த மாதிரியே தெரியவில்லை, ஒரே க்ளிக்கில் மூடிவிட்டார். அப்பா இப்போது நலம். ஆனாலும் மனசு உறுத்துகிறது. சொல்வதைக் கேட்கப்போவதில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டர் எதற்கு, டாக்டர்?
– வாசகி, திருச்சி

பதில்: அப்பா வீடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம்மா. ஐசியூவில் வேலை பார்க்கும் நானும் தினமும் அப்படி மூடுகிறவன்தான்.

தொண்டையில் குழாய் இருப்பவர் திமிறாமல் இருக்க வலியை அடக்கும் ஃபென்டானில், மயக்கம் தரும் மிடசோலம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. எழுதிய உடனே, ‘மூச்சு அடங்கிவிடலாம்’ என்று கம்ப்யூட்டர் பதறும். மூச்சு விடுவதே மெஷின்தான் என்பது அதற்குத் தெரியாது. வார்டில் இதே எச்சரிக்கை உயிரைக் காக்கும். ஐசியூவில் வெறும் இரைச்சல். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்று 2006-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

தள்ளித் தள்ளிக் கை பழகிவிடுவதுதான் ஆபத்து. 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், 16 வயதுப் பையனுக்கு 160 மில்லிகிராம் மாத்திரை ஒன்று தர நினைத்தார் டாக்டர். திரையில் ‘ஒரு கிலோ எடைக்கு’ என்று இருந்தது. பையன் 38.6 கிலோ. கணக்கு 38½ மாத்திரையில் போய் நின்றது! டாக்டருக்கும் எச்சரிக்கை வந்தது, பார்மசிஸ்டுக்கும் வந்தது, இருவரும் மூடினார்கள். நர்ஸ் கொடுத்தும்விட்டார். வலிப்பு வந்து, நல்லவேளையாகப் பிழைத்தான்.

அதற்காகக் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் எல்டிஎஸ் மருத்துவமனையின் 12 படுக்கை ஐசியூவில், 1990-களிலேயே ஒரு புரோகிராம் கல்ச்சர் ரிப்போர்ட் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற பரிசோதனை), சிறுநீரகம், அலர்ஜி எல்லாம் பார்த்து ஆன்டிபயாடிக்கும் டோஸும் சொன்னது. ஏற்பதும் விடுவதும் டாக்டர் இஷ்டம். கிருமிக்குப் பொருந்தாத ஆன்டிபயாடிக் தந்தது முந்தைய இரண்டு ஆண்டுகளில் 206 முறை. புரோகிராம் வந்த ஓராண்டில் 12. சும்மா கத்தாமல் இப்படி யோசனை சொல்கிற கம்ப்யூட்டர் எனக்குப் பிடிக்கும். நடுராத்திரியில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் டோஸ் கணக்கை அதனிடம்தான் விடுவேன்.

ஆனால் காலையில் எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் அளவு) 1.1 என்று நார்மலாக இருக்கும், கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பை காலியாக இருக்கும். கம்ப்யூட்டர் 1.1-ஐ வைத்து முழு டோஸ் சொல்லும். சிறுநீரகம் திடீரென்று படுத்தால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்போது நான் பையைத்தான் நம்புவேன்.

கம்ப்யூட்டருக்குத் தெரிவதெல்லாம் நாம் அடித்துக் கொடுப்பதுதான். ஆகவே யாரையாவது அட்மிட் செய்தால், கடைசியாகப் பார்த்த எடையைச் சொல்லுங்கள். படுத்திருப்பவரை நாங்கள் பெரும்பாலும் கண்ணால் குத்துமதிப்பாகத்தான் எடை போடுகிறோம். வீட்டு மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள், நாட்டு மருந்து உட்பட. அப்புறம் அலர்ஜி: உடம்பு தடித்ததா, மூச்சு திணறியதா, வெறும் வயிற்றுப் புரட்டலா என்று பிரித்துச் சொல்லுங்கள். புரட்டலையும் அலர்ஜி என்று ஏற்றிவிட்டால், மூட வேண்டிய சிவப்புப் பெட்டி இன்னொன்று கூடும்.